தீவன கம்பெனி டாக்டர் மருந்து எழுதலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

நாமக்கல், பல்லடம், உடுமலைப் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் ‘கம்பெனி டாக்டர்’ பழக்கமான ஆள். தீவன மூட்டை வருகிற இடத்திலிருந்தே டாக்டரும் வருகிறார். கோழி செத்தால் அறுத்துப் பார்க்கிறார், மருந்து சொல்கிறார், தீவனத்தை மாற்றச் சொல்கிறார். பால் மாடு வைத்திருப்பவர்களுக்கும் இப்போது இந்த அனுபவம் வந்துவிட்டது. மாடு சினை நிற்கவில்லை என்றால், தாது உப்புக் கலவை விற்கும் நிறுவனத்தின் மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்.

அரசு கால்நடை மருந்தகம் தூரத்தில் இருக்கும் ஊர்களில் இது பெரிய உதவி. ஆனால் சம்பளம் கம்பெனியில், வைத்தியம் நம் பண்ணையில் என்றால், அந்த டாக்டர் யாருக்குப் பொறுப்பு? விவசாயிகளும் நுகர்வோரும் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களுக்குச் சட்டம் சொல்லும் பதில்கள் இவை.

கால்நடை மருத்துவர் ஒருவர் தனியார் தீவன நிறுவனத்தில் வேலை பார்ப்பது சட்டப்படி சரிதானா?

சரிதான். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தீவன ஃபார்முலா தயாரிப்பது, மூலப்பொருளின் தரம் பார்ப்பது, பண்ணையாளருக்கு ஆலோசனை சொல்வது, ஆய்வகம் நடத்துவது என்று பல வேலைகளில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே இருப்பதுதான் நல்லதும்கூட. படித்தவர் இல்லாத தீவன ஆலையை விட, படித்தவர் இருக்கும் ஆலை மேல்.

ஆனால் ஆலோசனை சொல்வதைத் தாண்டி நோய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கியதும் அவர் வெறும் கம்பெனி ஊழியராக இருக்க முடியாது. அந்த நிமிடத்திலிருந்து அவர் பதிவு பெற்ற மருத்துவர். பதிவு அவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறது, கம்பெனியின் பெயரில் இல்லை. தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

இதற்கு எந்தச் சட்டம்? மத்திய அரசினுடையதா, மாநில அரசினுடையதா?

இரண்டு அரசுகளுக்கும் பங்கு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் மாநிலப் பட்டியலில் 15ஆவது இனமாக உள்ளன. அதாவது, அடிப்படையில் இது மாநில அரசின் அதிகாரம். மாநிலப் பட்டியலில் உள்ள ஒன்றைப் பற்றி நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டுமானால், மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும் என்கிறது 252ஆவது பிரிவு. ஹரியானா, பிஹார், ஒடிசா, இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களை முதலில் வைத்து வந்ததுதான் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். மற்ற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானம் மூலம் இதை ஏற்றுக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலும் இந்தச் சட்டப்படி மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சென்னையில் இயங்குகிறது.

252ஆவது பிரிவில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது. இப்படி ஏற்றுக்கொண்ட சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் திருத்தவோ நீக்கவோ முடியாது, நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும். ஆகவே ‘தீவன கம்பெனி டாக்டர்களுக்கு’ என்று கவுன்சில் சட்டத்தில் புதுப் பிரிவு சேர்ப்பது தமிழகச் சட்டமன்றத்தால் ஆகாத காரியம்.

தீவனத்தின் கதை வேறு. புண்ணாக்கு, அடர்தீவனம் உள்ளிட்ட கால்நடைத் தீவனத்தின் உற்பத்தி, விநியோகம், வணிகம் ஆகியவை பொதுப் பட்டியலில் 33ஆவது இனத்தில் வருகின்றன. அங்கே மாநில அரசு தாராளமாகச் சட்டம் இயற்றலாம்.

கம்பெனியிலிருந்து பண்ணைக்கு வருகிறவர் எல்லோரும் டாக்டர்தானா?

இல்லை. பிராய்லர் பண்ணைக்கு அடிக்கடி வருகிறவர் பெரும்பாலும் சூப்பர்வைசர்தான். குஞ்சு இறக்கியது, தீவன இருப்பு, எடை, இறப்பு ஆகியவற்றைக் கணக்கெடுப்பது அவர் வேலை. பல ஆண்டு அனுபவத்தில் அவருக்கு நோய் அடையாளம் தெரிந்திருக்கலாம். ஆனால் வைத்தியம் பார்க்க அது போதாது.

கவுன்சில் சட்டத்தின் 30ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவரைத் தவிர வேறு யாரும் கால்நடை வைத்தியத்தைத் தொழிலாகச் செய்யக் கூடாது. கால்நடை நலச் சான்றிதழில் கையெழுத்திடவும் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கால்நடைத் துறையோ கால்நடை மருத்துவ நிறுவனமோ வழங்கிய பட்டயம் அல்லது சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள், மாநில அரசின் அனுமதியோடு, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற சிறு சிகிச்சைகளைச் செய்யலாம். ஆன்டிபயாடிக் எழுதுவது அந்தப் பட்டியலில் சேராது.

தீவன ஃபார்முலா போடுவதற்குப் பதிவு வேண்டும் என்று சட்டத்தில் தனியாகச் சொல்லப்படவில்லை. அதனால் தீவன நிறுவனத்தின் ‘நியூட்ரிஷனிஸ்ட்’ கால்நடை மருத்துவராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் தீவனத்தைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மருந்து சொன்னால், உங்கள் பதிவு எண் என்ன என்று கேட்பதில் தவறில்லை. பி.வி.எஸ்சி. படித்த எந்த மருத்துவரும் அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பக்கத்து மாநிலத்தில் பதிவு செய்த டாக்டர் இங்கே வந்து வைத்தியம் பார்க்கலாமா?

இந்தியக் கால்நடை மருத்துவர் பதிவேட்டில் பெயர் இருப்பவர் இந்தியாவின் எந்தப் பகுதியிலும் தொழில் செய்யலாம். ஓசூரிலும் பொள்ளாச்சியிலும் கர்நாடக, கேரள மருத்துவர்கள் வருவதற்குத் தடை இல்லை. பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

வாயால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருந்துச் சீட்டு கட்டாயமா?

கட்டாயம். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் மருந்து விதிகளின் எச், எச்1 அட்டவணைகளில் உள்ளவை. சீட்டு இல்லாமல் அவற்றைக் கடையில் விற்கக் கூடாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதி, சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் வரையறுக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவரின் கையெழுத்தும் தேதியும் வேண்டும். கால்நடை மருந்து என்றால் உரிமையாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். மொத்தம் எவ்வளவு மருந்து, எந்த அளவில் கொடுப்பது என்பதும் இருக்க வேண்டும்.

பண்ணையில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளை பாலித்தீன் கவரில் மஞ்சள் பொடி வருகிறது. மேலே மார்க்கர் பேனாவில் ‘காலை தண்ணியில, 3 நாள்’ என்று எழுதியிருக்கிறது. மருந்தின் பெயர் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, எழுதிக் கொடுத்த மருத்துவர் யார் என்பதும் இல்லை. நாளைக்கு முட்டையில் மருந்து எச்சம் இருக்கிறது என்று பிரச்சினை வந்தால், அந்தக் கவரை வைத்துக்கொண்டு பண்ணையாளர் யாரைக் கைகாட்ட முடியும்?

சட்டப்படி கால்நடை மருந்துப் பொட்டலத்தின் மேல் விலங்குத் தலையின் படமும், மனிதருக்கு அல்ல, விலங்கு சிகிச்சைக்கு மட்டுமே என்ற வாசகமும் இருக்க வேண்டும். அது இல்லாத பொடியைத் தண்ணீர்த் தொட்டியில் கலக்காதீர்கள்.

கம்பெனியே மருந்தையும் கொடுத்துவிடலாமா?

1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, விலங்குகளுக்கான மருந்தும் மருந்துதான். அதை விற்கவும், விற்பனைக்காக இருப்பு வைக்கவும், விநியோகிக்கவும் உரிமம் வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் தான் சிகிச்சை பார்க்கும் விலங்குக்கு மருந்து கொடுப்பதற்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, அதுவும் கடை விரித்து விற்காத வரைக்கும். அந்த விலக்கு மருத்துவருக்கு உரியது. தீவன வண்டியில் மூட்டையோடு மருந்துப் பெட்டியும் ஏற்றி அனுப்பும் டீலருக்கு அது பொருந்தாது.

தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் கலந்து வருகிறதா? அதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம். நோய் வந்த பின் கொடுப்பது வேறு, நோய் வராமலிருக்கவும் எடை கூடவும் தினமும் தீவனத்தில் கொஞ்சம் சேர்ப்பது வேறு. இரண்டாவது பழக்கம்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. அந்தக் கிருமி பண்ணையோடு நிற்பதில்லை. எருவில், தண்ணீரில், பண்ணையாளரின் கையில் ஏறி மனிதருக்கும் வருகிறது.

சில மருந்துகளுக்கு நேரடித் தடை வந்துவிட்டது. வேறு எதற்கும் கட்டுப்படாத தொற்றுகளில் மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து கொலிஸ்டின். உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழிகள், மீன் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகியவற்றுக்காக அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் விநியோகிப்பதையும் மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில் தடை செய்தது. குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகளுக்கு 2025 மார்ச்சில் தடை வந்தது. உங்கள் கம்பெனி டாக்டர் இவற்றில் ஒன்றைச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற மருந்துகளைப் பொறுத்தவரை, தீவனத்தில் கலப்பதற்கென்றே தனி மருத்துவ ஆணை வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் மனித வைத்தியத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலக்க, 2017 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்ற கால்நடை மருத்துவரின் எழுத்து ஆணை கட்டாயம். ஆணை அதிகபட்சம் 6 மாதமே செல்லும். மருத்துவர், தீவன விற்பனையாளர், பண்ணையாளர் மூவரும் அதன் நகலை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருத்துவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதை அந்த விதி அளவுகோலாக வைக்கவில்லை. அந்தப் பண்ணையை அறிந்து, அந்த விலங்குகளுக்குப் பொறுப்பேற்றவராக இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறது. கலிபோர்னியா மாநிலம் தன் சொந்தச் சட்டத்தின் மூலம் ஒரு படி மேலே போனது. 2018 முதல், எடை கூட்டுவதற்காக இத்தகைய மருந்து கொடுப்பதை அது தடை செய்திருக்கிறது. மாநிலம் ஒன்று தன் அதிகாரத்துக்குள் நின்று என்ன செய்யலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

டென்மார்க் 1995லேயே, கால்நடை மருத்துவர் மருந்து விற்று எடுக்கும் லாபத்துக்கு வரம்பு கட்டியது. மருந்து எழுதுபவருக்கும் மருந்து விற்றால் வரும் பணத்துக்கும் இடையில் தூரம் வேண்டும் என்பது அதன் நோக்கம். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பது 2006 ஜனவரி 1 முதல் நின்றுபோனது.

மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் கழித்து முட்டை, பால், கறி விற்கலாம்?

மருந்தின் லேபிளில் போட்டிருக்கும் நிறுத்தக் காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் ஆய்வில் உறுதி செய்யப்படாத மருந்து என்றால், மருந்து விதிகளின் 97ஆவது விதி குறைந்தபட்சக் கணக்கைத் தருகிறது. முட்டைக்கும் பாலுக்கும் 7 நாள். கோழி, ஆடு, மாட்டுக் கறிக்கு 28 நாள்.

இந்தக் கணக்கைப் பிராய்லருக்குப் போட்டுப் பாருங்கள். 40ஆவது நாளில் பிடிக்க வேண்டிய பேட்ச். 30ஆவது நாளில் அப்படிப்பட்ட மருந்தைக் கொடுத்து அன்றே நிறுத்தினாலும், 58ஆவது நாள் வரை கோழியைப் பிடிக்கக் கூடாது. எந்தப் பண்ணையிலும் அவ்வளவு நாள் கோழியை வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே எந்த நாளில் எந்த மருந்து என்று தீர்மானிக்கும்போது, விற்பனைத் தேதியைப் பார்க்காமல் விதியைப் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கம்பெனி டாக்டரின் நேர்மை சோதிக்கப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. எனக்குக் கேட்க உரிமை உண்டா?

உண்டு. கோழி கம்பெனியுடையதாக இருக்கலாம். ஷெட் உங்களுடையது, உழைப்பு உங்களுடையது, வளர்ப்புக் கூலியும் கோழியின் எடையையும் இறப்பையும் பொறுத்தே வருகிறது. வைத்தியம் பிசகினால் கூலியில்தான் கை வைப்பார்கள். அதனால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கும்படி கேளுங்கள்: மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும், ஒவ்வொரு மருந்துக்கும் சீட்டு நகல், தீவனக் கோளாறால் ஏற்படும் இறப்புக்கு யார் பொறுப்பு என்பது.

ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாடு 2019இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வேளாண் விளைபொருளோடு கால்நடையும் அதில் அடக்கம். கொள்முதல் செய்பவர் இடுபொருள், தீவனம், தொழில்நுட்பம் தரலாம் என்பதை அது ஏற்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதே பண்ணையாளருக்கு முதல் பாதுகாப்பு.

தீவனத்தில் கோளாறு என்று சந்தேகம். அதே கம்பெனியின் டாக்டர் சரிபார்த்துச் சொன்னால் போதுமா?

போதாது. தன் நிறுவனத்தின் சரக்கைத் தானே சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் நிலையில் எந்த மருத்துவரையும் வைக்கக் கூடாது. அது அவருக்கும் சங்கடம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு, தர உறுதி ஆய்வகம் இருக்கிறது. அங்கே மாதிரி கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்த உடனே பிரிக்காத மூட்டை ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் உள்ள பேட்ச் எண்ணையும் தேதியையும் படம் எடுங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள்.

தீவனக் கோளாறு பண்ணையாளரின் நஷ்டத்தோடு முடிவதில்லை. ஈரமான மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது மாட்டின் வயிற்றுக்குப் போய், உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88இல் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை நம்முடையதுதான். அது தீவனத்தின் வழியாக வருகிறது, தீவனத்துக்கோ நாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று அப்போது ஆணையமே சொன்னது.

மாட்டுத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052, கோழித் தீவனத்துக்கு ஐ.எஸ். 1374 என்று தர அளவுகள் இருக்கின்றன. அந்த எண் மூட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தீவனத்தைக் கட்டுப்படுத்த உதவக்கூடிய அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் முன்பு தீவனமும் இருந்தது. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தீவனப் பயிர் விதைகள் மட்டுமே மிஞ்சின.

அரசு கால்நடை மருத்துவர் தீவன கம்பெனிக்கும் வேலை பார்க்கலாமா?

கூடாது. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, அனுமதி இல்லாமல் தனியார் வேலையோ வியாபாரமோ செய்ய அரசு ஊழியருக்கு இடமில்லை. அரசு மருத்துவரின் உதவி வேண்டுமானால் 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். கம்பெனி டாக்டர் சொன்னதில் சந்தேகம் இருந்தால் இரண்டாவது கருத்துக் கேட்க இது நல்ல வழி.

கம்பெனி டாக்டர் மீது புகார் சொல்ல எங்கே போக வேண்டும்?

புகாரின் தன்மையைப் பொறுத்து இடம் மாறும். மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில். மருத்துவர்களுக்கான தொழில் ஒழுக்க விதிகள் 1992இல் வகுக்கப்பட்டவை. ஒழுக்கக் கேடு உறுதியானால் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. பதிவே இல்லாத ஒருவர் வைத்தியம் பார்த்தாலும் அங்கே தெரிவிக்கலாம். லேபிள் இல்லாத மருந்து, சீட்டு இல்லாத விற்பனை, தடை செய்த மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர்.

தீவனத்தால் நஷ்டம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் தமிழக அரசு என்ன செய்ய வேண்டும்?

கவுன்சில் சட்டத்தைத் தொட முடியாவிட்டாலும், பொதுப் பட்டியலில் உள்ள தீவனத்தின் மீது சட்டம் இயற்ற வழி திறந்தே இருக்கிறது. தீவன ஆலைகளுக்கு உரிமம், மருந்து கலந்த தீவனத்துக்குப் பதிவு பெற்ற மருத்துவரின் எழுத்து ஆணை, மூட்டையின் மேல் மருந்தின் பெயரும் நிறுத்தக் காலமும் தமிழில், ஆணையின் நகல் பண்ணையாளர் கையில் என்று அந்தச் சட்டம் சொல்ல வேண்டும். மருந்து விற்பனை இலக்கோடு மருத்துவரின் ஊதியத்தைக் கட்டுவதையும் அது தடுக்க வேண்டும். மறுத்துப் பேச நினைக்கும் நேர்மையான கம்பெனி டாக்டருக்கு அப்படிப்பட்ட சட்டம் ஒரு பிடிமானம். “எழுத முடியாது, சட்டம் விடாது” என்று அவர் தன் மேலாளரிடம் சொல்ல முடியும்.

சட்டம் வரும்வரை பண்ணையாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்தும் பதிவு எண்ணும் உள்ள சீட்டு இல்லாமல் எந்த மருந்தையும் பண்ணைக்குள் அனுமதிக்காதீர்கள். சீட்டைக் கேட்பது இன்றைய சட்டத்திலேயே உங்கள் உரிமை. அதை எழுதிக் கொடுப்பது, சம்பளம் எங்கே வாங்கினாலும், மருத்துவரின் கடமை.